ஒரே பூட்டு, இரண்டு சாவி

சுடலாம், சாப்பிடக் கூடாது என்று பாஸ்டர் சொன்னபோது கறாரக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"திரும்பச் சொல்லுங்க பாஸ்டர். காதுல சரியா விழல."

நன்றாகவே விழுந்திருந்தது. இருந்தாலும் மனுஷன் அதை இன்னொரு தடவை வாயால் சொல்லட்டும் என்று நினைத்தாள். பாஸ்டருக்கு ஒரு வாரமாகச் சளி. கைக்குட்டையை மடித்து மூக்கில் ஒற்றிக்கொண்டு, சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். வயதில் அவளைவிடச் சின்னவர். நல்ல மனுஷன்தான், யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதலில் வந்து நிற்கிற ஆள். அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமை திருவிருந்துக்கு ரொட்டி வழக்கம்போல நீங்களே சுட்டுக் குடுங்க அக்கா. உங்க கை ரொட்டி இல்லாம சபையில யாருக்கும் மனசு ஒப்பாது. ஆனா நீங்க மட்டும் இந்தத் தடவை முன்னால வந்து வாங்க வேணாம். கூடப்பொறந்தவங்க மாதிரி இருக்கிறவங்களோட மனஸ்தாபத்தை வச்சுக்கிட்டு மேசைக்கு வரக் கூடாது. இது நான் போட்ட சட்டம் இல்ல."

"வேலைக்காரி சமைக்கலாம், பந்தியில உக்காரக் கூடாது. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படி இல்லக்கா."

"வேற எப்படி?"

பாஸ்டர் தும்மினார். அவள் எழுந்து சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் வைத்தாள். கோபம் ஒரு பக்கம், சளி ஒரு பக்கம். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவள் அல்ல அவள்.

கறாரக்கா என்பது ரொட்டிக் கம்பெனியில் வைத்த பெயர். பேக்கிங் மேசையில் அவள் நிற்கிற இடத்தைத் தாண்டி ஒரு நசுங்கிய ரொட்டி வெளியே போனதில்லை. சூப்பர்வைசர் கத்தினாலும், வண்டி வாசலில் ஹாரன் அடித்தாலும், ஓரம் கருகியதை எடுத்துத் திருப்பிப் போடுவாள். "வாங்கித் திங்கிறவன் மனுஷன்தானே," என்பாள். முதலில் கேலிக்கு வைத்த பெயர், அப்புறம் மரியாதையாகிவிட்டது.

பாஸ்டர் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார். "உங்க வீட்டுக்காரரே மன்னிச்சிட்டார். கை போனது அவருக்கு. அவரே தம்பியைப் பாத்துச் சிரிக்கிறார். நீங்க ஏன்க்கா இவ்வளவு இறுக்கமா இருக்கீங்க?"

"கை போனது அவருக்கு. அந்தக் கை செஞ்ச வேலையெல்லாம் செய்யிறது நான். சட்டைப் பொத்தான்லேர்ந்து சவரம் வரைக்கும்."

"தம்பி சின்னவர் தெரியாமப் பண்ணினது. மிஷினுக்குள்ள ஆள் இருக்குன்னு தெரியாது. பெரியவர் பூட்டுப் போடல, அவர் வந்து சுவிட்சப் போட்டுட்டார். விபத்துதானே?"

பெரியவர் பூட்டுப் போடல. அந்த மூன்று சொல்லும் அவள் நெஞ்சில் ஏறி மிதித்தன. பதில் நுனிநாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஏழு எழுபது தரம் மன்னிக்கணும்னு சொல்லியிருக்கில்ல அக்கா."

"மன்னிக்கிறேன் பாஸ்டர். ஏழு எழுபது தரமும் மன்னிக்கிறேன். அவனை ஒரே ஒரு தரம் வந்து கேக்கச் சொல்லுங்க."

"எத்தனையோ தடவை வருத்தம்னு சொல்லிட்டாரே."

"வருத்தம்னு சொன்னான். எதுக்குன்னு சொன்னானா?"

பாஸ்டருக்கு அது புரியவில்லை. புரிய நியாயமும் இல்லை. அவருக்குத் தெரியாத ஒன்று அந்தக் குடும்பத்தில் மூன்று பேருக்குத் தெரியும்.

கம்பெனியில் மாவு பிசைகிற மிஷின் ஆள் உயரத் தொட்டி. உள்ளே முறுக்கிய இரும்புக் கொக்கி சுற்றும். ஒவ்வொரு தடவையும் மாவை இறக்கிய பிறகு, கொக்கியிலும் அடியிலும் ஒட்டியதை ஒருத்தர் உள்ளே குனிந்து சுரண்ட வேண்டும். அதற்கு ஒரு முறை உண்டு. சுரண்டப் போகிறவர் சுவிட்சை அணைத்து, அதன் பிடியில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஒரு பூட்டு, ஆளுக்கு ஒரு சாவி. அந்தப் பூட்டை முதலாளியே வந்தாலும் திறக்க முடியாது, மாட்டினவர்தான் வெளியே வந்து திறக்க வேண்டும். அங்கே வேலைக்குச் சேருகிறவருக்கு முதல் நாள் சொல்லித் தருவது அதுதான்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் அந்த மிஷினில்தான் வேலை. பெரியவன், சின்னவன் என்றுதான் கம்பெனியே கூப்பிடும். சின்னவன் தன் பூட்டை எங்கேயோ தொலைத்துவிட்டான். சொன்னால் சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவார். பெரியவனுக்குத் தம்பி தலைகுனிந்து நிற்பது பொறுக்காது. தன் பூட்டுக்கு வீட்டில் கிடந்த மாற்றுச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தான். "புதுசு கிடைக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் இதையே போட்டுக்கலாம்டா. நாம என்ன வேத்தாளா?" பூட்டில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. வேற்றாள்களாக இருந்திருந்தால் அந்தக் கை இன்றைக்கு இருந்திருக்கும்.

அன்று சின்னவன் ஒரு தரம் சுரண்டிவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது சுவிட்சில் சிவப்பு நூல் பூட்டு தொங்கியது. 'நாமதான் எடுக்க மறந்துட்டோம்' என்று நினைத்துத் தன் சாவியைப் போட்டுத் திறந்தான், சுவிட்சைத் தட்டினான். உள்ளே குனிந்திருந்தது அண்ணன்.

அது வரைக்கும் விபத்து. கறாரக்காவும் அதை விபத்து என்றுதான் சொல்வாள். அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்குத் தொண்டையில் நின்றது. ஆள் கூடி, அலறல் கூடி, பெரியவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டி கிளம்பியபோது சூப்பர்வைசர் கேட்டார்: "பூட்டு எங்கே?" சின்னவனின் கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது. கைக்குள் பூட்டு இருந்தது. "பூட்டே போடல சார்," என்றான்.

அரசாங்க ஆபீசர் வந்து விசாரித்தபோதும் அதையே சொன்னான். இப்போது மிஷினுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு போர்டு தொங்குகிறது: பூட்டாமல் உள்ளே குனியாதே, கவனக்குறைவு கையைத் தின்னும். கறாரக்கா தினமும் அதைத் தாண்டித்தான் பேக்கிங் மேசைக்குப் போகிறாள். புதிதாய்ச் சேர்ந்த பெண்கள் அந்த மிஷினைக் காட்டி, "பூட்டாம உள்ள போனாரே, அவர் சம்சாரம்தான் அந்தக்கா," என்று கிசுகிசுப்பது அவள் காதில் விழும். இத்தனை வருஷ வேலையில் ஒரு நாள்கூடப் பூட்டாமல் உள்ளே தலையை நீட்டாத மனுஷன்.

வாயைத் திறந்து சொல்லிவிடலாம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில், கட்டுப்போட்ட முழங்கையைப் போர்வைக்கு மேல் வைத்துக்கொண்டு, பெரியவன் அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டான். "நீ சொல்லக் கூடாது. எனக்குப் போனது போச்சு. அவனுக்குச் சின்னச் சின்னப் பிள்ளைங்க. அவனையும் எதுக்குத் தொலைக்கணும்?" அவளும் அன்றைக்கு இருந்த இருப்பில் சரி என்று தலையாட்டிவிட்டாள். ஆட்டின தலையை வெட்டிக்கொள்ளலாமா என்று அப்புறம் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள்.

பாஸ்டர் எழுந்தார். "அப்போ ரொட்டி?"

"சுட்டுத் தரேன். மாவு என்ன பாவம் பண்ணிச்சு?"

சனிக்கிழமை மதியம் மாவு பிசைய உட்கார்ந்தாள். திருவிருந்து மேசைக்குப் போகிற ரொட்டியை அவள் கம்பெனியிலிருந்து எடுப்பதில்லை. மிஷின் பிசைந்ததை எடுத்துப்போய்க் கடவுளிடம் வைக்க அவளுக்கு மனசு வராது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஈரக் காற்றில் மாவு தண்ணீரைக் குறைவாகத்தான் கேட்கும். கையளவு ஊற்றி, விரலால் கிளறி, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பெரியவன் எதிரே உட்கார்ந்து பாத்திரத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். கம்பெனிக்குப் போகாத இந்த ஆறு மாதத்தில் அவன் விரும்பிச் செய்த வேலை இதுதான்.

"ரொம்ப அழுத்துற," என்றான்.

"மாவைத்தானே அழுத்துறேன். வேற யாரையாவது அழுத்த முடியுதா?"

"நாளைக்கு நீ பேசாம உக்காந்துரு. ஒரு தடவை வாங்கலைன்னா என்ன குடியா முழுகிப் போயிடும்?"

"நான் ஏன் உக்காரணும்? நான் என்ன பொய் சொன்னேன்? பொய் சொன்னவன் முன் வரிசையில நின்னு வாங்குவான், நான் பின்னால உக்காந்து வேடிக்கை பாக்கணும். நல்லா இருக்குங்க உங்க நியாயம்."

"நான்தான் மன்னிச்சிட்டேனே."

அவள் பிசைவதை நிறுத்தினாள். விரல் இடுக்கெல்லாம் மாவு.

"நீங்க மன்னிச்சீங்களா, மறைச்சீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? மன்னிக்கணும்னா முதல்ல தப்புன்னு ஒண்ணு இருக்கணுமே. ஊரே கேக்கும்போது தப்பு என்னோடதுன்னு தலையில போட்டுக்கிட்டீங்க. அப்புறம் அவன்கிட்ட எதை மன்னிச்சீங்க? இல்லாத தப்பையா?"

பெரியவன் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன் முகத்தைப் பாத்தீங்களா?" என்றாள். "சர்ச்சுல உங்களைப் பாத்துச் சிரிக்கிறான், நீங்களும் சிரிக்கிறீங்க. அது சிரிப்பா? முகம் வத்திப் போச்சு அவனுக்கு. பாதி சோத்துல எந்திரிச்சுப் போயிடறாராம், அவன் பொண்டாட்டி பேக்கிங்ல சொல்லி அழுதா. அவளுக்குப் பாவம் ஒண்ணுமே தெரியாது. நீங்க அவனைக் காப்பாத்தலைங்க. கிணத்துல தள்ளி மூடி போட்டு வச்சிருக்கீங்க."

"சாவி குடுத்தது நான்," என்றான் பெரியவன் திடீரென்று. குரல் உடைந்திருந்தது. "அதை யாரும் கேக்கல. நான் குடுக்காம இருந்திருந்தா..."

"ஆமா, குடுத்தீங்க. தப்புதான். அதையும் சொல்லுங்க. உங்களை யாரு தூக்குலயா போடப் போறாங்க?"

மாவு பதத்துக்கு வந்திருந்தது. அவள் அதை உருட்டி, ஈரத் துணி போட்டு மூடி வைத்தாள். அழுகை வந்தது, அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஈரக் குடை வாசனை. மேசையில் வெள்ளைத் துணிக்கு அடியில் அவள் சுட்ட ரொட்டி. பாஸ்டர் துணியை விலக்கி அதை இரண்டு கையாலும் எடுத்து உடைத்தார். மேல்தோல் நொறுங்குகிற சத்தம் பின்வரிசை வரைக்கும் கேட்டது. நன்றாக வெந்திருக்கிறது என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வரிசை வரிசையாக எழுந்து போய் மேசையைச் சுற்றி அரைவட்டமாக நின்றார்கள். பெரியவன் எழுந்தான். அவனுக்குப் பின்னால் கறாரக்காவும் எழுந்தாள். பக்கத்திலிருந்தவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "விடுடி," என்று உதறிவிட்டு நடந்தாள். போய்ப் புருஷனுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக நீட்டினாள். அரைவட்டத்தின் அந்தக் கோடியில் சின்னவனும் அவன் மனைவியும் நின்றார்கள்.

பாஸ்டர் பெரியவனின் இடது கையில் ஒரு துண்டை வைத்தார். அடுத்தது அவள். பாஸ்டரின் கை தட்டுக்கு மேலேயே நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், அவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. வெட்கம் காது வரைக்கும் சுட்டது. சபை முழுக்கப் பார்க்கிறது. பார்க்கட்டும். நான் எங்கேயும் ஓடப் போவதில்லை என்று நின்றாள்.

அப்போது பெரியவன் தன் கையை அவள் பக்கம் நீட்டினான். ரொட்டித் துண்டு அப்படியே இருந்தது, அவன் வாயில் வைக்கவில்லை.

"பிச்சுக்கோ," என்றான். "எனக்கு ஒரு கைதான். நீதான் பிக்கணும்."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. அவள் துண்டைப் பிடித்துப் பாதியாகப் பிய்த்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். பாஸ்டர் திரும்பிப் பார்த்தார், தடுக்கவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன. சளியாகவும் இருக்கலாம்.

சின்னவன் கையில் துண்டை வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தபடி நின்றான். அவன் மனைவி முழங்கையால் இடித்தாள். அவன் சாப்பிடவில்லை. கைக்குட்டையில் பொதிந்து பையில் போட்டுக்கொண்டு, பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டான்.

ஆராதனை முடிந்து வாசலில் பாஸ்டர் அவளிடம் வந்தார். "அக்கா, நான் செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே தெரியல."

"எனக்கும் தெரியல பாஸ்டர். ரொட்டி நல்லா வந்திருந்ததா?"

"வந்திருந்தது."

"அது போதும். சுக்கு வெந்நீர் குடிங்க," என்று குடையை விரித்தாள்.

மதியம் அவள் ரொட்டி சுட்ட தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்கதவில் நிழல் விழுந்தது. சின்னவன். ஆறு மாதத்தில் அந்தப் படியை மிதித்தது அன்றுதான். முன்பெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டா வருவான்? நேரே வந்து சட்டியைத் திறந்து பார்க்கிறவன். அவள் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், அவன் சட்டைக்குக் காஜா எடுத்தவள் அவள்தான்.

"உள்ள வா. தண்ணி சொட்டுது."

வந்தான். சமையலறை மேசைமேல் ஒன்றை வைத்தான். பூட்டு. சிவப்பு நூல் கறுத்துப்போயிருந்தது. சாவித் துவாரத்தில் காய்ந்த மாவு அப்படியே இருந்தது.

"இதை எங்கயாவது தூக்கிப் போட எவ்வளவோ தடவை போனேன் அண்ணி. முடியல." கைக்குட்டைப் பொட்டலத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான். "இதையும் முழுங்க முடியல."

பெரியவன் கூடத்திலிருந்து வந்து கதவோரம் நின்றான்.

"மன்னிச்சிடுங்க அண்ணி," என்றான் சின்னவன்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னு ஒண்ணு கிடையாது. எதுக்குன்னு சொல்லு."

அவன் அண்ணனைப் பார்த்தான். பெரியவன் வாயைத் திறக்கப் போனான். "நீங்க சும்மா இருங்க," என்றாள் கறாரக்கா. "அவன் சொல்லட்டும்."

"பூட்டு இருந்தது," என்றான் சின்னவன். "அண்ணன் மாட்டினது. நான்தான் திறந்தேன். நான்தான் எடுத்து ஒளிச்சேன். அண்ணன் கையிலேர்ந்து ரத்தம் கொட்டிக்கிட்டு இருக்கும்போது, போடலன்னு நான்தான் சொன்னேன். அந்த நேரத்துல எனக்கு அண்ணன் ஞாபகம் வரல அண்ணி. என்னைப் பத்தித்தான் நினைச்சேன்." அதற்கு மேல் முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இந்த நேரத்துக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்த வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல. பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் ஒவ்வொன்றாகத் தீட்டி வைத்திருந்தாள். தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. தரையில் உட்கார்ந்து அழுகிறவனைப் பார்க்க, பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிக்கொண்டு வந்த பையன்தான் தெரிந்தான். மேலே பாய்ந்து கட்டிக்கொள்ளவும் தோன்றவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மன்னிச்சேன்," என்றாள். பேக்கிங் மேசையில் ரொட்டியைச் சரி என்று தள்ளிவிடுகிற அதே குரல். "அரைகுறையா இல்ல, முழுசா. நாளைக்கு ஒரு பேச்சு, அடுத்த வருஷம் ஒரு குத்தல்னு இதை நான் எடுக்க மாட்டேன். இப்ப அந்தப் பொட்டலத்தைப் பிரிச்சுச் சாப்பிடு. நான் சுட்டது."

பிரித்தான். துண்டு கொஞ்சம் காய்ந்திருந்தது. மென்று விழுங்கினான். அவள் ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு வைத்தாள், அதையும் சாப்பிட்டான். பாதியில் எழுந்திருக்கவில்லை. தட்டை வழித்து முடிக்கும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"கையைக் கழுவிட்டுச் செருப்பைப் போடு," என்றாள் பிறகு.

"எங்க அண்ணி?"

"கம்பெனிக்கு. ஆள் மாறுற நேரம், எல்லாரும் இருப்பாங்க. அந்தப் போர்டுக்குக் கீழ நின்னு இதையே சொல்லு. நாளைக்குக் காலையில ஆபீசர்கிட்ட."

சின்னவன் முகம் வெளுத்தது. "வேலை போயிடும் அண்ணி. கேஸ்கூடப் போடுவாங்க."

"போடுவாங்க."

"உள்ள தள்ளினாலும் தள்ளுவாங்க."

"தள்ளலாம். பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன், உனக்குச் சாப்பாடும் கொண்டுவரேன்."

"இப்பத்தானே அண்ணி மன்னிச்சேன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லைன்னு யாரு சொன்னா?" அவள் பூட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "மன்னிக்கலைன்னா உன்னைத் தனியா அனுப்பியிருப்பேன்."

பெரியவன் ஏற்கெனவே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். ஆணியில் தொங்கிய தன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். "நானும் வரேன். சாவி குடுத்ததை நான் சொல்லணும்."

மழை விட்டிருந்தது. மூன்று பேரும் தெருவில் சேர்ந்து நடந்ததைப் பார்த்து, ஜன்னலில் நின்ற ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டினாள். கறாரக்கா அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடந்தாள்.

கம்பெனிக்குள் அடுப்பு அனலும் ஈஸ்ட் வாசனையும். போகிறவர்கள் ஏப்ரனைக் கழற்றிக்கொண்டும், வருகிறவர்கள் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். பெரியவனைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. ஆறு மாதத்துக்குப் பிறகு அவன் உள்ளே வருகிறான். சூப்பர்வைசர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மாவு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் போர்டுக்குக் கீழே போய் நின்றான். அவனுக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் அண்ணி. அவள் பையிலிருந்து பூட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

அவன் உதடு அசைந்தது. மிஷின் இரைச்சலில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா," என்றாள் கறாரக்கா.

அவன் பூட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான்.

"பூட்டு இருந்தது!"

யாரோ போய் மிஷினை நிறுத்தினார்கள். அவன் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.